இரவல் வயிறு

எனக்குப் பிள்ளை கிடையாது. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஏனென்றால் இந்தக் கதையில் நான் ஒரு பிள்ளைக்காக அழப் போகிறேன். படிக்கிறவர்கள் பிறகு குழம்பக் கூடாது.

எனக்கு இருந்ததெல்லாம் வலி. முழங்காலில், தோளில், விரல் கணுக்களில், சில நாள் முடியின் வேரில்கூட. வலியோடு சேர்ந்து ஓர் அசதி. தூங்கி எழுந்தால் போகிற அசதி இல்லை. தூங்கி எழுந்ததாலேயே வந்தது போன்ற அசதி. பல் தேய்த்துவிட்டு வந்தால் அரை மணி நேரம் உட்கார வேண்டும். ரத்தப் பரிசோதனை, ஸ்கேன், நரம்பு டாக்டர், எலும்பு டாக்டர் எல்லாவற்றிலும் கிடைத்தது ஒரே வார்த்தை: நார்மல். அந்த வார்த்தையைக் கேட்டாலே எனக்குப் பற்றிக்கொண்டு வரும். ரிப்போர்ட் நார்மலாக இருக்கிறவள் மத்தியானம் வரை படுத்துக் கிடந்தால் ஊர் அவளுக்கு வேறு பெயர் வைக்கும். என் நாத்தனார் என் காதுபடவே வைத்தாள்.

என் கணவர் ஆவுடையப்பன் வைக்கவில்லை. வேலைக்கும் போய்விட்டு வந்து சமையலையும் பார்த்துக்கொண்டார். திங்கள் முதல் ஞாயிறு வரை அறை பிரித்த மாத்திரை டப்பா ஒன்றை வாங்கி வந்து பி காம்ப்ளெக்ஸ், டி மூன்று, மெக்னீசியம், இரும்பு, அமுக்கரா என்று நிரப்பி வைப்பார். "கோமு, இன்னிக்கு மெனு ரெடி" என்று டப்பாவை நீட்டுவார். நானும் விழுங்குவேன். சிறுநீர் மஞ்சளானது ஒன்றுதான் நான் கண்ட பலன்.

அப்போதுதான் 'அயர்விலி' வந்தது. பெயர் வைத்தவர் யாரோ தமிழ் வாத்தியாராக இருக்க வேண்டும். டாக்டர் பெனிட்டா அந்தச் சின்னப் பெட்டியை மேஜை மேல் வைத்துவிட்டு எனக்கு விளக்கினார். என்னிடம் 'நார்மல்' என்று சொல்லாத ஒரே டாக்டர் அவர்.

"நீங்க இத்தனை வருஷம் விட்டமின் சாப்பிட்டது, தினமும் கடைக்குப் போய் ஒரு கை அரிசி வாங்கிட்டு வர்ற மாதிரி. வழியிலயே பாதி கொட்டிடும். இது கடையையே வயித்துக்குள்ள கொண்டுவந்து வைக்கிறது."

"கடையா?"

"கிருமி. நல்ல கிருமிதான், பயப்படாதீங்க. குடல்ல உக்காந்து உடம்புக்கு வேண்டிய விட்டமினை அதுவே தயார் பண்ணும். வலியை அடக்குற சரக்கும் அதுவே போடும். ஒரு மண்டலம் சாப்பிடுங்க. குடியேறிடும்."

"எங்கேர்ந்து எடுத்த கிருமி டாக்டர்?"

"நல்ல ஆரோக்கியமான ஒருத்தங்க வயித்துலேர்ந்து" என்றார். அதற்கு மேல் அவர் என் முகத்தைப் பார்க்கவில்லை. மருந்துச் சீட்டு எழுதுவதில் மும்முரமாகிவிட்டார்.

காப்ஸ்யூல் கொட்டைப்பாக்கு அளவு இருந்தது. எனக்குத் தொண்டையில் இறங்கவில்லை. ஆவுடையப்பன் அதைப் பிரித்து மோரில் கலக்கிக் கொடுத்தார். முழு டம்ளரையும் என்னால் குடிக்க முடியாது. மிச்சத்தைக் கொட்டுகிற மனிதர் அவர் இல்லை. ராத்திரிப் பாலுக்கு உறைமோராக அதையே ஊற்றிவிடுவார். இதை ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

மண்டலம் முடிவதற்குள்ளேயே வலி போய்விட்டது. நம்ப மாட்டீர்கள், பரண் மேலிருந்த பெட்டியை நானே இறக்கினேன். திரைச்சீலைகளைத் துவைத்துப் பிழிந்து மாடிக்குத் தூக்கிப் போய்க் காயப்போட்டேன். ஆவுடையப்பன் ஈரத் துணியைப் பிடித்துக்கொண்டு என்னையே பார்த்தார். அவர் கண் கலங்கிவிட்டது. நானும் அழுதேன். வலி இல்லாத உடம்பு எவ்வளவு லேசாக இருக்கும் என்பது வலியே வராதவர்களுக்குத் தெரியாது.

பிறகு கருவாடு வந்தது. எங்களுடையது முட்டை ஓட்டை மிதித்தாலே தலைமுழுகுகிற சைவக் குடும்பம். என் நாக்கு நெத்திலிக் கருவாடு கேட்டது. அதுவும் பழைய சோற்றுக்குத் தொட்டுக்கொள்ள. சொல்லவே கூச்சமாக இருந்தது. ஒரு நாள் சொல்லிவிட்டேன். என் கணவர் திட்டுவார் என்று நினைத்தால், "எனக்கும்தான் கோமு, நாலு நாளா" என்று தலையைச் சொறிந்தார். கதவு, ஜன்னலை அடைத்துவிட்டு வறுத்தோம். அப்படியும் எதிர்வீட்டுப் பத்மாசினி மணி அடித்துவிட்டாள். மூக்கைப் பிடித்துக்கொண்டு சண்டைக்கு வருகிறாள் என்று நினைத்தேன். "கொஞ்சம் இருக்குமா மாமி?" என்றாள்.

அதுவரைக்கும் சிரிப்புதான். அந்தி வேளைதான் சிரிக்க விடவில்லை.

வெயில் சாயத் தொடங்கியதும் என் அடிவயிற்றை யாரோ பிசைவார்கள். உட்கார முடியாது. பால்கனிக்குப் போய்ச் சாலை திரும்புகிற இடத்தையே பார்த்துக்கொண்டு நிற்பேன். பஸ் வரும் சத்தம் கேட்டால் வயிறு துள்ளும். பஸ் நின்று, யார் யாரோ இறங்கி, அது கிளம்பிப் போனதும் வயிறு எரியத் தொடங்கும். பெற்ற வயிறு பற்றி எரிகிறது என்று பெண்கள் சொல்லக் கேட்டிருக்கிறேன். என்னையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு அவர்கள் அப்படிச் சொல்லும்போது எனக்கு எரிச்சலாகக்கூட இருக்கும். இப்போது பெறாத என் வயிறு எரிந்தது. இத்தனை வருஷமும் உடம்பு வலிக்குப் பின்னால் ஒளிந்திருந்த பிள்ளையில்லாத துக்கம்தான் இப்படி வெளியே வருகிறது என்று நானே ஒரு காரணம் கண்டுபிடித்து வைத்திருந்தேன். ஆவுடையப்பனும் அதைத்தான் நினைத்திருப்பார். பக்கத்தில் வந்து நிற்பார். எனக்கு ஆறுதலுக்காக நிற்கிறார் என்று நினைத்தேன்.

ஒரு நாள் பால்கனியிலிருந்து கீழே பார்த்தேன். வாசல் கேட்டருகே பத்மாசினி நின்றுகொண்டிருந்தாள். தலையைப் பாதி பின்னியபடி அப்படியே வந்திருந்தாள். பக்கத்தில் மூன்றாம் மாடி ஓய்வுபெற்ற தாசில்தார். அவருக்குப் பின்னால் வாட்ச்மேன், ஐயர் வீட்டு மருமகள், ஜிம் நடத்துகிற பையன், இன்னும் யார் யாரோ. ஒருவரும் ஒருவரோடும் பேசவில்லை. எல்லார் முகமும் சாலைத் திருப்பத்தைப் பார்த்திருந்தது. பஸ் வந்தது. எல்லாரும் ஓர் அடி முன்னால் வைத்தார்கள். பஸ் போனது. தாசில்தார் கையால் வயிற்றை அழுத்திக்கொண்டார்.

நான் இறங்கி ஓடினேன். "பத்மா, யாருக்காக நிக்கற?"

"தெரியல மாமி. சும்மா காத்து வாங்க." அவள் கண்ணில் நீர் நின்றது. "இன்னும் வரலியே."

"யாரு வரல? உன் ரெண்டு பிள்ளைகளும் மேலதானே விளையாடுதுங்க?"

"ஆமா" என்றாள். சாலையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

எனக்கு மயிர்க்கூச்செறிந்தது. பத்மாசினி வீட்டில் தயிர் சரியாக உறையாது. விளக்கு வைத்த பிறகு உறைமோர் வாங்கினால் லட்சுமி போய்விடுவாள் என்று நாலு மணிக்கே கிண்ணத்தோடு என் வாசலுக்கு வந்துவிடுவாள். அவளிடமிருந்து ஐயர் வீட்டுக்கு, அங்கிருந்து தாசில்தார் வீட்டுக்கு, அந்த வீட்டம்மா தினமும் மோர் கொடுக்கிற வாட்ச்மேனுக்கு. திரும்பிப் பார்த்தேன். மேலே பால்கனியில் ஆவுடையப்பன் தனியாக நின்றுகொண்டிருந்தார். நான் கீழே இருப்பதைக்கூட அவர் பார்க்கவில்லை. அவர் பார்த்ததும் சாலையைத்தான்.

மறுநாள் டாக்டர் பெனிட்டாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் எழுந்து போய்க் கதவைச் சாத்திவிட்டு வந்தார்.

"தயிர்லயா?" என்றார். "கம்பெனிக்காரங்க எல்லாத்தையும் சோதிச்சாங்க. இதை வீட்டுக்கு வீடு உறை ஊத்துவாங்கன்னு யாரும் யோசிக்கல."

"யாரோட வயிறு டாக்டர் அது?"

"நான்தான் எடுத்தேன் கோமதி. தூத்துக்குடிப் பக்கம் உப்பளத்துல ஒரு மெடிக்கல் கேம்ப். அந்த வெயில்ல எல்லாரும் சுருண்டு விழறாங்க. ஒரு அம்மா மட்டும் அலுப்பே இல்லாம உப்பு வாரிட்டு இருந்தாங்க. சந்தனமாரின்னு பேரு. கேட்டதும் குடுத்தாங்க."

"அவங்க யாருக்காகக் காத்திருந்தாங்க?"

"மகனுக்கு. கடலுக்குப் போய்த் திரும்பல." பெனிட்டா ஒரு காகிதத்தை எடுத்து ஓரமாகக் கிழித்துக்கொண்டே பேசினார். "இந்தக் கிருமி தாய்கிட்டேர்ந்து பிள்ளைக்குப் பிரசவத்துலயே போகும். பிள்ளை உடம்புல அது கொஞ்சம் மாறும். மாறினாலும் ரெண்டும் ஒண்ணையொண்ணு வாசனையில கண்டுக்கும், நமக்குத் தெரியாத வாசனை. பக்கத்துல இருந்தா அடங்கி இருக்கும். வெகு நாள் கிடைக்கலேன்னா தேடும். மூளையைப் பிடிச்சு உலுக்கும், போய்ப் பாருன்னு. தாய்ப்பாசத்துல இதுக்கும் ஒரு பங்கு இருக்குன்னு இப்பத்தான் புரியுது. எங்களுக்கு அலுப்பு போறது மட்டும்தான் தெரிஞ்சுது. துக்கமும் சேர்ந்தே வரும்னு தெரியல."

"இப்ப அந்த அம்மா எப்படி இருக்காங்க?"

கிழிந்த காகிதம் அவர் கையில் சுருண்டது. "வேற கம்பெனி எடுத்துடக் கூடாதுன்னு, கம்பெனிக்காரங்க அவங்க வயித்தைச் சுத்தமா கழுவுற மருந்து குடுத்துட்டாங்க. நான் திரும்பிப் போகவே இல்ல. போக முகம் இல்ல."

எங்கள் கட்டடத்தில் வீட்டு வேலைக்கு வருகிறவர்கள் லிஃப்டில் ஏறக் கூடாது என்று ஒரு நோட்டீஸ் உண்டு. ஒட்டியவர் தாசில்தார். இப்போது அவர் வயிற்றுக்குள் உப்பளத்துச் சந்தனமாரி குடியிருந்து அவரைக் கேட்டில் நிறுத்தி வைத்திருந்தாள். சிரிக்கலாம் என்று பார்த்தேன். சிரிப்பு வரவில்லை. நானும் யோக்கியம் இல்லை. அந்த நோட்டீஸைத் தினமும் படித்துக்கொண்டு லிஃப்டில் ஏறியவள்தான்.

பெனிட்டா ஒரு மாத்திரை அட்டையை என்னிடம் கொடுத்தார். "அவங்களுக்குக் குடுத்த அதே மருந்து. ஒரு வாரம் சாப்பிட்டா உங்களுக்கும் எல்லாம் கழுவிடும். சாயங்காலம் எரியாது." கொஞ்சம் நிறுத்தி, "ஆனா வலி திரும்ப வந்துடும்" என்றார். வாசல் வரை கூடவே வந்து, "இன்னொண்ணு. இந்தக் கிருமி இப்ப கம்பெனியோட சொத்து. யாருக்கும் குடுக்கறது குற்றம்" என்று மெதுவாகச் சொன்னார். சொன்னாரே தவிர, சந்தனமாரியின் ஊரைக் கேட்டதும் மறைக்காமல் சொல்லிவிட்டார்.

அன்று டி.வி.யில் ஒரு செய்தி காட்டினார்கள். மாலை வேளையில் பல ஊர்களிலும் பஸ் நிறுத்தங்களில் ஜனங்கள் கூடுகிறார்களாம். நடைப்பயிற்சியில் மக்களுக்கு ஆர்வம் பெருகிவிட்டது என்றாள் செய்தி வாசித்த பெண். என் கணவர் டி.வி.யை அணைத்தார்.

"மாத்திரையைச் சாப்பிடப் போறியா?" என்றார்.

"அந்த அம்மாவைப் பாத்துட்டு வந்து முடிவு பண்றேன்."

தனியாகவே போனேன். தனியாக ரயிலேறிப் போகிற உடம்பு எனக்கு இருந்தது என்பதே பெரிய விஷயம். வெறுங்கையோடு போகக் கூடாது என்று ஒரு தூக்கில் தயிர் எடுத்துக்கொண்டேன். போய்ச் சேருவதற்குள் புளித்துவிடும். உறை ஊற்றப் புளித்தது நல்லது.

சந்தனமாரியின் வீடு உப்பளத்து ஓரத்தில், ஓலைத் தடுப்பு போட்டு மூடிய உப்பு அம்பாரங்களைத் தாண்டி இருந்தது. நான் போனபோது வெயில் இறங்கிக்கொண்டிருந்தது. அவள் பாயில் ஒருக்களித்துப் படுத்துக் கட்டைவிரலால் முழங்காலை அழுத்திக்கொண்டிருந்தாள். அந்த இடம் எனக்குத் தெரியும். முட்டிச் சிப்பிக்குக் கீழே, உள்பக்கமாக. அங்கே அழுத்தினால் வலி போகாது; வேறு இடத்துக்கு நகரும், அவ்வளவுதான்.

"யாரும்மா அது?"

"மெட்ராஸ்லேர்ந்து வரேன் அக்கா. பெனிட்டா டாக்டர் சொல்லி வந்தேன்."

"அந்தப் பிள்ளையா? நல்ல பிள்ளைலா. என் கையப் புடிச்சுக்கிட்டுப் பேசுனா." எழுந்து உட்காரவே அவளுக்கு நேரம் பிடித்தது. "இரி தாயி. ஒரு வாய்த் தண்ணி மொண்டு தரக்கூட ஏலல. மின்ன ரெண்டு ஆளு உப்ப ஒத்தயா வாருவேன். இப்ப பல்லு வெளக்கிட்டு வந்தாலே மூச்சு வாங்குது. ஆஸ்பத்திரில காட்டுனா ஒண்ணுமில்லங்காவ."

இத்தனை வருஷம் நான் படுத்துக் கிடந்த கட்டிலில் அவளைக் கிடத்திவிட்டு நான் எழுந்து வந்திருக்கிறேன்.

"அக்கா, நீங்க சாயங்காலத்துல பஸ் ஸ்டாப்புல போய் நிப்பீங்களா?"

அவள் என்னைக் கூர்ந்து பார்த்தாள். "ஒனக்கு எப்படித் தெரியும்?"

எல்லாவற்றையும் சொன்னேன். காப்ஸ்யூல், தயிர், கருவாடு, கேட்டில் நிற்கிற கூட்டம். கேட்டுக்கொண்டே வந்தவள் கடைசியில் வாயில் கைவைத்துக்கொண்டாள்.

"ஒரு கட்டடத்துச் சனமுமா எம் பிள்ளைக்கு நிக்காவ?"

"கட்டடம் இல்லக்கா. எத்தனை ஊருன்னு தெரியல."

"அடப் பாவமே" என்றாள். "எம் மவன் லிங்கதுரை. மாலத்தீவுக்குச் சரக்குத் தோணில போனான். தோணி திரும்பல. கரையில ஒதுங்குன பலகையக் காட்டி ஆளு இல்லன்னுட்டாவ. நான் ஒத்துக்கல. வெயில் தாந்தா வயிறு சொல்லும், எந்திரிச்சுப் போன்னு. போயி நிப்பேன். கடைசி பஸ் போற மட்டும் நிப்பேன். ஊருல பைத்தியம்னாவ. அந்த மருந்தக் குடிச்ச பொறவு போகல. அவன மறந்துட்டேன்னு இல்ல தாயி. முகம் இருக்கு, பேரு இருக்கு. வயிறு ஒண்ணும் சொல்லல. காலு போகல."

அவள் பேசிக்கொண்டிருக்கும்போதே எனக்குள் ஏதோ நடந்தது. வெயில் சாய்ந்ததிலிருந்து எரிந்துகொண்டிருந்த வயிறு குளிர்ந்துகொண்டே வந்தது. காரணம் புரியாமல் திரும்பினேன். வாசலில் ஒருவன் தோளில் தண்ணீர்க் குடத்தோடு நின்றான். முப்பது வயதிருக்கும். நெற்றியில் ஒரு பழைய தழும்பு.

"யாரும்மா வந்திருக்காவ?" என்றான்.

எனக்கு யாரும் சொல்ல வேண்டியிருக்கவில்லை. எப்போது எழுந்தேன், எப்போது அவனிடம் போனேன் என்று தெரியாது. குடத்தை இறக்கக்கூட விடாமல் அவன் முகத்தை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு அழுதேன். "வந்துட்டியா, வந்துட்டியா" என்பதைத் தவிர என் வாயில் வேறு வார்த்தை வரவில்லை. அப்படி ஒரு சந்தோஷத்தை நான் என் வாழ்நாளில் அறிந்ததில்லை. குடத்துத் தண்ணீர் தளும்பி எங்கள் இரண்டு பேர் மேலும் வழிந்தது. பாவம், அவன் என்ன செய்வான். கூச்சத்தோடு அப்படியே நின்றான்.

பின்னால் சந்தனமாரியின் குரல் கேட்டது. "இப்படித்தான் நான் அழுதிருக்கணும். இல்லியா?"

என் கை தானாக விலகியது.

"பங்குனில வந்து எறங்குனான்" என்றாள். "காத்துல அடிச்சிக்கிட்டுப் போயி, எந்த நாட்டு செயில்லயோ கெடந்து, விட்டதும் வந்துட்டான். அதே பஸ்ஸுல. ஊரே கூடி அழுதுச்சு. எனக்கு வரல. 'வாப்பா, சாப்புடு'ன்னேன். வேத்தாளுக்குச் சோறு வைக்க மாதிரி வச்சேன். அவனுக்குத் தெரியும். கேக்க மாட்டான்."

லிங்கதுரை குடத்தைக் கீழே வைத்துவிட்டுத் தரையைப் பார்த்தான். "விடும்மா. மேலுக்கு முடியலன்னா மனுசருக்கு அப்படித்தான் இருக்கும்."

இத்தனை வருஷக் காத்திருப்புக்குக் கூலியாக வந்த ஒரே நிமிஷம் அது. அவளுக்கு வர வேண்டியதை அவள் கண்முன்னாலேயே நான் வாங்கிக்கொண்டேன். எனக்கு உடம்பெல்லாம் கூசியது. ஓடிப் போய்த் தூக்கை எடுத்துவந்தேன்.

"அக்கா, பால் இருக்கா?"

"இருக்கு. கடுங்காப்பி ஆகாதுன்னு அவன் ஒரு செம்பு வாங்கி வைப்பான்." தூக்கைத் திறந்ததும் புளித்த வாசனை வந்தது. அவளுக்குப் புரிந்துவிட்டது. மாடத்தைப் பார்த்தாள். லிங்கதுரை அப்போதுதான் விளக்கை ஏற்றிக்கொண்டிருந்தான். "வெளக்கு வச்சாச்சே தாயி. இனிமே ஒறமோரு வாங்கப்புடாதே."

"இது உங்களோடதுதானே அக்கா."

அவள் தூக்கைப் பக்கத்தில் இழுத்தாள். நான் விடவில்லை. "யோசிச்சுக்குங்க. மேல்வலி போயிடும். ஆனா இனிமே இவன் வாசலைத் தாண்டினா வயிறு பிசையும். அரை மணி லேட்டானா எரியும். மறுபடி கடலுக்குப் போறேன்னு சொன்னா என்ன ஆகும்னு எனக்கே பயமா இருக்கு."

சந்தனமாரி மகனை ஏறிட்டுப் பார்த்தாள். காய்கறிக் கடையில் பார்ப்பது போன்ற, சாதாரணப் பார்வை. பிறகு தரையில் கையூன்றி எழுந்து, சுவரைப் பிடித்துக்கொண்டு போய்ப் பால் செம்பை அவளே எடுத்துவந்து என் முன் வைத்தாள்.

"எரியட்டும்" என்றாள்.

கிளம்பும்போது லிங்கதுரை பஸ் நிறுத்தம் வரை கூட வந்தான். பஸ் நகர்ந்து அவன் சின்னதாகிக்கொண்டே போனபோது என் வயிறு மறுபடி ஆரம்பித்தது. முன்பு யாருக்கென்று தெரியாமல் எரிந்தது. இப்போது முகம் தெரிந்து எரிந்தது. இது அதைவிடக் கொடுமை. கைப்பையில் மாத்திரை அட்டை இருந்தது. ரயிலில் இரண்டு தடவை எடுத்துப் பார்த்துவிட்டு உள்ளே வைத்தேன்.

இன்னும் அதைச் சாப்பிடவில்லை. வலிக்குப் பயந்துதான் என்று வைத்துக்கொள்ளுங்கள். அந்த முகத்தைப் பிடித்துக்கொண்டு நின்ற நிமிஷத்தை மருந்து ஊற்றிக் கழுவ மனம் வரவில்லை என்பதும் உண்மைதான். சாயங்காலம் ஆனால் ஆவுடையப்பனும் நானும் சேர்ந்தே கீழே இறங்குகிறோம்.

போன வாரம் கேட்டருகே நின்றுகொண்டிருந்தபோது போன் வந்தது.

"தாயி, நான்தான் சந்தனமாரி." மூச்சு வாங்காத, கணீரென்ற குரல். "இன்னிக்கு அளத்துக்குப் போனேன். மேலு வலிக்கல. அது கெடக்கட்டும். லிங்கதுரை டவுனுக்குப் போனவன் நேரத்துக்கு வரல. எரிஞ்சுது தாயி! பத்திக்கிட்டு எரிஞ்சுது! ரோட்டுக்கு ஓடிட்டேன்." அவள் அழுதாளா சிரித்தாளா என்று தெரியவில்லை. "அவன் பஸ்ஸ விட்டு எறங்குனதும் ஒரு அறை விட்டேன். பொறவு கட்டிக்கிட்டு ஒரே அழுகை. அவனும் அழுதான்."

"வந்துட்டான்ல அக்கா?"

"வந்துட்டான். இந்தா, தட்டுக்கு முன்னால உக்காந்திருக்கான்."

போனை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு திரும்பினேன். முன்பைவிடக் கூட்டம் அதிகமாகியிருந்தது. பக்கத்துக் கட்டடத்துக்காரர்கள், எதிர்ச் சாரி மளிகைக் கடைக்காரர், டியூஷன் முடித்து வந்த பிள்ளைகள். என்னால் சொல்லாமல் இருக்க முடியவில்லை.

"வந்துட்டான்!" என்று கத்தினேன். "பையன் வீட்டுக்கு வந்துட்டானாம்! எல்லாரும் மேல போங்க!"

தாசில்தார் என்னை ஒரு தடவை பார்த்தார். பத்மாசினியும் பார்த்தாள். தூரத்தில் பஸ் வருகிற சத்தம் கேட்டது. எல்லாரும் சாலைப் பக்கம் திரும்பி, ஓர் அடி முன்னால் வைத்தார்கள். நானும் வைத்தேன்.